தூசிக்கு என்ன ஆகும்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னவள் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன், மூக்கு மட்டும் நாலு நாளாக ஒழுகுகிறது. உங்கள் கழுத்து வலி எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், வேலையைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது.

போன கடிதத்தில் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, "அவ அவ்வளவு குளிர்ல வேலை செய்யறாளே, நல்ல ஸ்வெட்டர் இருக்கா" என்று. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அவனிடம் சொல்லுங்கள், குளிரை அளக்கிற இந்த அறையில் எனக்கு வியர்த்து வழிகிறது. ஆள் உயரத்துக்கு வரிசையாகப் பம்புகள். அவை போடும் சத்தத்துக்குக் காதில் மூடி மாட்டிக்கொண்டு, கையால் ஜாடை காட்டித்தான் பேசிக்கொள்கிறோம். பம்புகள் கக்கும் சூட்டில் டீ ஆறுவதே இல்லை. குளிர் இருப்பது நடுவில் உள்ள இரும்புத் தொட்டிக்குள், என் முழங்கை நீளம் மட்டும்.

சைக்கிள் டியூப் வால்வை அழுத்தினால் காற்று ஜில்லென்று வரும், தெரியுமா? அதுதான் விஷயம். ஒரு குறுகிய முனை வழியாக வாயுவை வெற்றிடத்துக்குள் பீய்ச்சுகிறோம். அது விரியும்போது மைனஸ் இருநூற்றைம்பது டிகிரி வரை இறங்கிவிடும். எந்தச் சுவரையும் தொடாமல் அந்தரத்தில் ஓடும் ஒரு குளிர் ஓடை. அதற்குள் இரண்டு வகை மூலக்கூறுகளை விட்டு, எவ்வளவு வேகத்தில் வினை புரிகின்றன என்று லேசர் வைத்துப் பார்க்கிறோம். விண்மீன்களுக்கு நடுவே இருட்டாகக் கிடக்கும் மேகங்களில் இதைவிடவும் குளிர். அங்கே என்ன நடக்கும் என்று தெரிய, இங்கே இந்தப் பாடு.

குளிரில் எதுவும் மெதுவாகத்தான் நடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதனால்தானே வீட்டில் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறோம். ஆனால் என் ஓடையில் சாராயக் குடும்பத்து மூலக்கூறு ஒன்று, குளிரக் குளிர அதிக வேகமாக வினை புரிகிறது. சூட்டில் மோதுகிறவை மோதிய வேகத்திலேயே விலகிவிடும். குளிரில் அவசரமில்லை, பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்தில், வினைக்குக் குறுக்கே நிற்கும் ஏறிக் கடக்க முடியாத மேட்டை நடுவே புகுந்து கடந்துவிடும். எங்கள் குழுத் தலைவர் வரைபடத்தில் ஏறிய கோட்டைப் பார்த்துவிட்டு இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்தார். கட்டுரை அனுப்பிவிட்டோம். என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. கட்டுரையை ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தமும் நீளும்.

போனில் பேசக்கூடாதா என்று இங்கே ஒரு தோழி கேட்டாள். போன் என்றால் அண்ணன் பக்கத்தில் இருப்பான், நீங்கள் தர்மசங்கடப்படுவீர்கள். அம்மா போன அன்று எனக்கும் அவனுக்கும் முறிந்த பேச்சு முறிந்ததுதான், ஆறு வருடம் ஆகிறது. அவன் சொல்வதை நீங்கள் எழுதாவிட்டால் எனக்கு ஒரு அண்ணன் இருப்பதே மறந்துபோயிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சின்னவள்



பிப்ரவரி 2

என் அருமைச் சின்னவளுக்கு,

உன் கடிதம் அலுவலகத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. நீ சௌக்கியமாக இருப்பதில் சந்தோஷம். மூக்குக்கு ஆவி பிடி.

கவுண்டரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். குடிநீர் அலுவலகத்துப் புகார் கவுண்டருக்கு என்று ஒரு பொறுமையைத் தனியாகச் செய்து கொடுத்தால் தேவலை. இன்று முதலில் வந்தவர், "ஒரு வாரமா குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல" என்றார். அடுத்து வந்தவர், "ஒரு வாரமா வீட்டுக்குள்ள தண்ணி நிக்குது" என்றார். இருவரும் திட்டியது என்னைத்தான். பேசாமல் இவர் முகவரியை அவருக்கும் அவர் முகவரியை இவருக்கும் கொடுத்து அனுப்பிவிடலாமா என்று தோன்றியது.

சாப்பிடும்போது உன் அண்ணனிடம் உன் ஆராய்ச்சியைச் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "குளிர்ல வேகமா நடக்குதாமா? எங்க வண்டி குளிர்ல ஸ்டார்ட்டே ஆகாது" என்றார். பஸ் ஓட்டுகிறவருக்கு எல்லாம் வண்டிதான். கொஞ்ச நேரம் கழித்து, "சின்ன வயசுலயே அவளுக்கு மூளை ஜாஸ்தி" என்றும் சொன்னார். முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஆனால் டியூட்டிக்கு ஒரு நாள் லீவு போடமாட்டார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. அந்த மேகத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெளி என்று முன்பு எழுதியிருந்தாய். அப்படியானால் இரண்டு அணு சந்திப்பதே பெரிய விஷயம். சந்தித்தால் ஒட்டிக்கொண்டுவிடுமா, அதற்கும் ஏதாவது தொல்லை உண்டா? சுருக்கமாக எழுது, எனக்குப் புரிகிற மாதிரி.

ஆள் வந்து நிற்கிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, தண்ணீர் வராத முகம்.

அன்புடன்
அண்ணி



பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். மூக்கு நின்றுவிட்டது. அண்ணன் "மூளை ஜாஸ்தி" என்று சொன்ன வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். முகத்துக்கு நேரே அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது.

நல்ல கேள்வி கேட்டீர்கள். தொல்லை உண்டு. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெட்ட வெளியில் சந்தித்தால் ஒட்டாது. சேரும் அந்த நொடியில் சூடு கிளம்பும். அந்தச் சூட்டை எங்காவது இறக்கிவைக்க வேண்டும். இடமில்லையென்றால் அந்தச் சூடே இரண்டையும் பிய்த்து எறிந்துவிடும். எவ்வளவு ஆசையாக வந்தாலும் சரி, வந்த வழியே போக வேண்டியதுதான். ஆனால் மேகத்தில் தூசி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொடி, மேலே பனி படிந்தது. அணு ஒன்று அதன்மேல் வந்து உட்காரும், இன்னொன்றும் வரும், இரண்டும் மெல்ல ஊர்ந்து சந்திக்கும். கிளம்புகிற சூட்டைத் தூசி வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாகி, தூசியை விட்டுக் கிளம்பிப் போய்விடும். விண்மீன்களுக்கு நடுவே இருக்கிற ஹைட்ரஜன் மூலக்கூறில் பெரும்பங்கு இப்படித் தூசியின் தயவில் உண்டானதுதான்.

இப்போது வேறு விஷயம். கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவர் ஏதோ சந்தேகம் கிளப்பியிருக்கிறார், நான் திரும்ப அளக்கிறேன். உண்மையைச் சொன்னால், அண்ணி, அலுத்துவிட்டது. நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம், ஒவ்வொரு முறையும் புது அறை, புதுச் சாவி, புது ஆட்களுக்கு முதலிலிருந்து அறிமுகம். வேலையின்மேல் கோபமில்லை. என்னைத் தூக்கிச் சுமந்துகொண்டு அலைவதுதான் முடியவில்லை.

ஒப்பந்தம் நீளவில்லையென்றால் வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் மாடி அறையில் இருக்கலாமா? அண்ணனிடம் கேளுங்கள். அன்று நான் சொன்னது அவனுக்கு மறந்திருக்காது என்று தெரியும். அம்மா மாதக்கணக்கில் இருமினாள், அவன் சளி என்று நினைத்தான். "பக்கத்துலயே இருந்தும் பாக்கலையேடா நீ" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவனும் சும்மா இருந்தானா? "அளக்கறவ வந்துட்டா. அளந்துட்டுக் கிளம்பு" என்றான். எனக்குப் போக வேறு வீடு இல்லை, அண்ணி. அவன் வேண்டாமென்றால் நான் வரமாட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்.

பிரியத்துடன்
சின்னவள்



மார்ச் 19

சின்னவளுக்கு,

நான் இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணனிடம் கேட்டேன். வரட்டும் என்றார். மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கச் சொன்னார். அதனால் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, வேலையைப் பார்.

ஒரு சந்தேகம். அந்தத் தூசிக்கு என்ன ஆகும்? வருகிறவர்களெல்லாம் சூட்டை அதன் தலையில் இறக்கிவிட்டு ஜோடியாகக் கிளம்பிவிடுகிறார்கள் என்கிறாய். எத்தனை காலம் வாங்கும்? நேரம் இருக்கும்போது எழுதினால் போதும், அவசரமில்லை.

இன்று கவுண்டரில் கூட்டம். வேறு ஒன்றும் இல்லை.

அண்ணி



ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உடம்பும் மனதும் ஓய்ந்துபோயிருக்கிற நேரத்தில் எழுதுகிறேன், தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் தூசி. அதற்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் சூடாகும், அப்புறம் தானாகவே ஆறிவிடும். அடுத்த அணு வருவதற்குள் அதற்கு வேண்டிய நேரம் இருக்கிறது. யாரும் கவலைப்படுகிற விஷயமே இல்லை அது.

இப்போது என் கதை. நான் தப்பு செய்துவிட்டேன்.

பரிசீலித்தவர் கேட்டது இதுதான்: உங்கள் ஓடையில் ஓடுவது ஒற்றை மூலக்கூறுதானா? குளிரில் இந்தச் சாராய மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாதது அல்ல, மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். கலவையில் சாராயம் அதிகமானால் ஜோடிகள் அதிகமாகும், அளக்கிற கோடு நேராகப் போகாமல் வளைய ஆரம்பிக்கும். வளைவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். நான் நிறுத்தவில்லை. அண்ணி, அந்த வளைவு என் கண்ணில் பட்டது. பட்டும், அதைச் சோதனையின் சில்லறைப் பிசகு என்று தள்ளிவிட்டு நடுவே நேர்க்கோடு போட்டேன். நான் எதிர்பார்த்த விடை வந்துகொண்டிருந்தது, அதனால் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. ஒற்றையுடையது என்று நினைத்து நான் அளந்த வேகத்தில் பாதி ஜோடியுடையது.

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஒரு கப் டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். இந்த ஊர்ப் பாஷையில் சொன்னதை நம் பாஷையில் எழுதுகிறேன். டீ குடித்துவிட்டு வந்தபோது கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அடித்து வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து, கலவையை நீர்க்கச் செய்து, திரும்ப அளக்க வேண்டும். ஒரு வெப்பநிலைக்கு ஒரு முனை. வேறு வெப்பநிலை வேண்டுமென்றால் தொட்டியைத் திறந்து அதைக் கழற்றி அடுத்ததை மாட்ட வேண்டும். அதற்காக ஆகஸ்டு முடிய இருக்கச் சொல்கிறார்கள். அதற்கு மேல் இல்லை.

ஆக, செப்டம்பரில் நான் வருகிறேன். அண்ணன் வரட்டும் என்று சொல்லாமல் இருந்திருந்தால் இந்த ஒரு மாதத்தை எப்படித் தள்ளியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்லுங்கள் அவனிடம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சின்னவள்



ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் இல்லை. மே மாதம் எழுதியதற்கும் இல்லை. நீங்கள் இப்படி இருந்ததே கிடையாது. அதனால் இதை அலுவலகத்துக்கு அனுப்பாமல் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். அண்ணன் கையில் கிடைத்தால் கிடைக்கட்டும், மறைக்க இனி ஒன்றுமில்லை, செப்டம்பரில் அங்கேதானே வரப்போகிறேன்.

அவன்மேல் எனக்கு இப்போது கோபம் கிடையாது. வருடக்கணக்காக நீங்கள் எழுதியதெல்லாம் சேர்ந்து கரைத்துவிட்டது. என் பட்டமளிப்புப் படத்தைப் பஸ்ஸில் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறான் என்று எழுதினீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "அவளுக்கு அங்க கஞ்சி வெச்சுத்தர யாரு இருக்கா" என்று கேட்டான் என்று எழுதினீர்கள். ஸ்வெட்டரைக் கேட்டது, குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்றது, மூளை ஜாஸ்தி என்றது, வரட்டும் என்று சொல்லி மாடி அறையைச் சுத்தம் செய்யச் சொன்னது. நேரில் ஒரு வார்த்தை பேசாதவன் மனதுக்குள் இவ்வளவு வைத்திருக்கிறானே என்று நினைத்துக்கொள்வேன்.

அவன் உடம்புக்கு ஏதாவதா? இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பயமாக இருக்கிறது.

சின்னவள்



ஜூன் 27

தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பு எப்படி என்று கேட்க வேண்டும், அதுதான் முறை. கேட்டுவிட்டேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, டிப்போவில் டிரிப் ஷீட் எழுதித்தான் பழக்கம். அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது உங்க அண்ணி வீட்டில் இல்லை. பிரித்துப் படித்தது நான். நான் சொன்னதாக நீ எழுதியிருக்கும் எதையும் நான் சொல்லவில்லை. பஸ்ஸில் படம் செருகினால் டிப்போ மேனேஜர் கிழித்துப் போட்டுவிடுவார். உனக்குக் காய்ச்சல் வந்ததே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று சொன்னது மட்டும் நான்தான்.

நீ வருவதைப் பற்றி மார்ச்சில் கேட்டாள். "வரட்டும். அவ இருக்கிற வரைக்கும் நான் டிப்போவுலயே படுத்துக்கறேன்" என்று சொன்னேன். அதில் முதல் வார்த்தையை மட்டும் உனக்கு எழுதியிருக்கிறாள். அறையைச் சுத்தம் செய்தது அவள். நான் சொல்லிச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு ரெண்டு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. ஏப்ரலில் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சண்டை போடவில்லை, அழவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு களைச்சுப் போச்சு. ஆபீஸ்லயும் கேட்டு, வீட்லயும் கேட்டு, எனக்குக் காது வலிக்குது. கொஞ்ச நாள் என்னை விடுங்க" என்றாள். நடுவில் நின்று என்ன செய்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உன் கடிதத்தைப் பார்த்ததும் புரிந்தது.

ஏனென்றால் என்னிடமும் அதையேதான் செய்திருக்கிறாள். என் முட்டி வலிக்கு நீ மருந்து பெயர் எழுதி அனுப்பினாய் என்று சொல்லி ஒரு தைலம் வாங்கி வந்தாள். மூன்று வருடமாகத் தடவிக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பினாயா? நல்ல தைலம். யார் சொன்னதோ.

உங்க அண்ணியின் புது முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் இதுவரை போகவில்லை.

அண்ணன்



ஜூலை 14

அண்ணனுக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பது உன் எழுத்திலேயே தெரிகிறது.

தைலம் நான் அனுப்பவில்லை. உனக்கு முட்டி வலி என்று தெரியும், பாவம் என்று நினைத்தேன், அதோடு சரி.

ஆறு வருடம் கழித்து ஒரு கடிதம் எழுதுகிறாய், அதில் முக்கால்வாசி நான் இதைச் சொல்லவில்லை, அதைச் சொல்லவில்லை. சொல்லாததை இவ்வளவு சிரத்தையாக யாராவது எழுதுவார்களா? எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பாயா, அதையாவது சொல். டிப்போவில் போய்ப் படுத்துக்கொள்கிற அளவுக்கு நான் உனக்கு என்ன செய்துவிட்டேன்? ஒரு வாக்கியம் சொன்னேன். அதுவும் அழுதுகொண்டே சொன்னேன்.

எனக்கு அண்ணியின்மேலும் கோபம் வந்தது. இல்லாத ஒரு அண்ணனை எனக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாளே என்று. இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. ஒரு முனையைத் தலைகீழாக மாட்டி, பம்பைப் போட்டுவிட்டு, ஏன் குளிரவில்லை என்று அரை நாள் யோசித்தேன்.

அவள் ஏப்ரலில் போயிருக்கிறாள். நீ எழுதுவது ஜூனில். இடையில் ஒரு நாளாவது அந்த ஊருக்கு ஒரு பஸ் போகவில்லையா? நீ ஓட்டுவதே பஸ்தானே.

நான் அவளுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "அன்புள்ள அண்ணிக்கு" என்று எழுதியதும் அடுத்த வரி, "அண்ணன் எழுதியிருந்தான்" என்று வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

தங்கை



ஆகஸ்ட் 2

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகம் என்று தெரிந்தது. கோபம் குறையவில்லை என்பதும் தெரிந்தது. நானும் சுகம். எனக்கும் குறையவில்லை.

ஒரு வாக்கியம்தான் சொன்னேன் என்கிறாய். அந்த வாக்கியத்தை நான் தினமும் ஓட்டிக்கொண்டு போகிறேன். பின்னால் யாராவது இருமினால் கண்ணாடியில் பார்ப்பேன். அம்மா இருமியது எனக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறாயா? கேட்டது. தினமும் கேட்டதால் அது வீட்டுச் சத்தம் ஆகிவிட்டது, குழாய்ச் சத்தம் மாதிரி. கடைசி நாட்களில் தூரத்திலிருந்து வந்தவளுக்கு அது உடனே கேட்டது. நீ சொன்னது சரிதான். அதனால்தான் உன்னோடு பேசவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் மறுநாளே பேசியிருப்பேன்.

காய்ச்சலைக் கேட்டிருப்பேனா என்றால், கேட்டிருக்க மாட்டேன். நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். உன்னை மாதிரியே.

அந்த ஊருக்கு பஸ் போகிறது. மூன்று மாதமாக அந்த ரூட்டில் டியூட்டி வேண்டாமென்று எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். போய் என்ன சொல்வது? வீட்டில் அவள் பேசுவாள், நான் "ம்" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. "எப்ப வர்ற" என்று கேட்டால் சமையலுக்குக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். கேட்காமல் இருந்தால் வரவேண்டாம் என்பது மாதிரி இருக்கும்.

இந்த மாசக் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். போகத்தான் போகிறேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர், "யாருக்கு சார்?" என்றார். "வீட்டுக்காரிக்கு" என்றேன். "அவங்களுக்கு என்ன சார் பிடிக்கும்?" என்றார். நின்றேன். பின்னால் ரெண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டும் போய்விட்டார்கள். எனக்கு டீயில் சர்க்கரை எவ்வளவு என்பதிலிருந்து எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரருக்கு முன்னால் வெட்கமாகப் போய்விட்டது.

உனக்குத்தான் இத்தனை வருடமாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாளே. உனக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு என்ன பிடிக்கும்? சீக்கிரம் எழுது.

நீ செப்டம்பரில் வருவதாக இருந்தால் வா. நான் டிப்போவில் படுக்கமாட்டேன். முட்டிக்கு அந்த பெஞ்சு ஒத்துக்கொள்ளாது.

அண்ணன்



ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டி தேவலையா? இதை நானே கேட்கிறேன்.

அளந்து முடித்துவிட்டேன். கலவையை நன்றாக நீர்க்கச் செய்து, ஒற்றை மூலக்கூறு மட்டும் இருக்கும்படி பார்த்துப் பார்த்து அளந்தோம். முன்பு நான் பெருமையாகச் சொன்ன வேகம் இல்லை, அதைவிட நிறையக் குறைவு. ஆனாலும் குளிரக் குளிர ஏறத்தான் செய்கிறது. அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். இதற்கு யாரும் கண்ணாடியைத் துடைக்கமாட்டார்கள். எனக்குப் போதும்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்து அழுதேன். நான் கேட்டது சரி என்கிறாய். நான் வருடத்துக்கு ஒருமுறை வந்தவள், வந்தவள் காதுக்கு எல்லாமே கேட்கும். தினமும் கூட இருந்தது நீ. அதை அன்று எல்லோர் முன்னாலும் சொல்லாமல் விட்டேன். வந்தபிறகு இதைப் பற்றி இன்னும் சண்டை போடுவோம் என்று நினைக்கிறேன். போடலாம்.

உன் கேள்விக்கு வருகிறேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அண்ணி எழுதிய கடிதங்களை எடுத்துத் தரையில் பரப்பினேன். நடக்க இடமில்லாமல் அறை நிறைந்துவிட்டது. முதலிலிருந்து படித்தேன். நீ எப்போது சாப்பிட்டாய், எப்போது சிரித்தாய், எந்த முட்டியில் வலி, எல்லாம் இருக்கிறது. என் மூக்குக்கு ஆவி, என் காய்ச்சலுக்கு மாத்திரை, என் வேலையைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி, எல்லாம் இருக்கிறது. கவுண்டருக்கு வந்தவர்கள் அத்தனை பேரின் புகாரும் இருக்கிறது.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. என்ன நிறம், என்ன பாட்டு, எந்த ஊரைப் பார்க்க ஆசை, எதுவும் இல்லை. அவள் மறைத்தாள் என்று சொல்ல முடியாது. என் கடிதங்களில் நான் கேட்டிருந்தால் பதில் எழுதியிருப்பாள். ஒவ்வொன்றிலும் நான் கேட்டது உன்னைப் பற்றி.

அதனால் எனக்கும் தெரியாது, அண்ணா. கடையில் எதையாவது வாங்கிக்கொண்டு போய், நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. வெறுங்கையோடு போ. எப்போது வருகிறாய் என்று கேட்காதே. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேள். உடனே சொல்லமாட்டாள், யாரும் கேட்டுப் பழக்கமில்லை. நீ "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வராமல், அவள் சொல்லும்வரை உட்கார்ந்திரு.

சொன்ன பிறகு அதை எனக்கு எழுதாதே. அது உன்னிடம் சொன்னது. எனக்கு வேண்டியதை நான் வந்து, அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை